சாவி யாரிடம்?

காசு கொடுத்து ஒரு பெட்டியை வாங்குகிறோம். விற்றவர் பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாவியை மடியில் செருகிக்கொண்டு போகிறார். இதை நாம் வாடகை என்போம். அமெரிக்காவில் வயர்லெஸ் கருவி செய்யும் கம்பெனிகள் இதற்கு விற்பனை என்று பெயர் வைத்திருக்கின்றன.

போலீஸ், தீயணைப்புப் படை, டாக்ஸி நிறுவனம் ஆகியவற்றுக்கென்று செய்த பேசும் கருவிகளையே சொல்கிறேன். கீழே விழுந்தாலும் உழைப்பவை. பரீட்சை எழுதி லைசென்ஸ் பெற்று, ஊதியம் கருதாமல் வானலையில் உரையாடும் அமெச்சூர்கள் இவற்றைப் பழைய விலைக்கு வாங்கித் தங்கள் அலைவரிசைக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

முன்பு இது கைவேலை. கிரிஸ்டலை மாற்றி, சுருளைத் திருகினால் போதும். பிற்பாடு அலைவரிசை, கருவியின் நினைவுச் சில்லில் எழுதப்படலாயிற்று. எழுதுவதற்குக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். மோட்டோரோலா போன்ற கம்பெனிகளில் அது கருவியோடு வருவதில்லை. தனி லைசென்ஸ், தனி நிபந்தனை! அமெச்சூர்களின் 70 சென்டிமீட்டர் வரிசை 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ் வரை. 450க்கு மேல் பேச விற்ற கருவிக்கு 444 என்று எழுதப் போனால் மென்பொருள் மறுத்துவிடும். அந்த எல்லை எண்ணைத் திருத்திப் பார்த்த அமெச்சூர்கள், பல கருவிகள் தாராளமாக அங்கே வேலை செய்வதைக் கண்டார்கள். முடியாதென்றது யந்திரமல்ல, கம்பெனி.

கேட்டால், "பொதுஜனப் பாதுகாப்பு" என்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லையே! வியாபார அலைவரிசையில் சர்க்காரின் சான்று பெற்ற கருவியைத்தான் உபயோகிக்க வேண்டும். அமெச்சூர் வரிசையிலோ வியாபாரக் கருவியை மாற்றியும் உபயோகிக்கலாம். தானே செய்த கருவியையும் உபயோகிக்கலாம். அங்கே பரீட்சை பெட்டிக்கு; இங்கே பரீட்சை மனிதனுக்கு. தேறிய மனிதனைச் சர்க்கார் நம்புகிறது. பெட்டி விற்றவருக்கு மட்டும் ஏன் சந்தேகம்?

போலீஸ் அலைவரிசையில் ஒருவன் புகுந்துவிட்டால்? பிடித்துத் தண்டியுங்கள். ஆனால் மலிவான சீனக் கருவிகள் சிலவற்றில், பொத்தானை அழுத்தியே எந்த எண்ணையும் போட முடிந்திருக்கிறது. போக்கிரிக்கு அது போதும். பூட்டு தடுப்பது யோக்கியனை மட்டுமே. போலீஸாரின் ரகசியக் குறியீட்டைத் திறந்துவிடும்படி யாரும் கேட்கவில்லை. கேட்பது அலைவரிசை எண்ணை எழுதும் உரிமையை மட்டும்.

இதில் நஷ்டம் சிறிதல்ல. 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 421 முதல் 470 வரையிலும் வியாபார வயர்லெஸ் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5க்குச் சுருங்க வேண்டும் என்று அமெரிக்க ஆணையம் 2013 ஜனவரி 1ஐக் கெடுவாக வைத்தது. சுருங்கத் தெரியாத நல்ல கருவிகளுக்கு அந்தத் தொழிலில் இடமில்லாமற் போயிற்று. அமெச்சூர்களுக்கு அந்தக் கட்டளை கிடையாது. அகன்ற குரலே அவர்கள் வழக்கம். ஒருவர் கழித்தது மற்றவருக்கு அப்படியே பொருந்துகிறது. நடுவே நிற்பது ஒரு மென்பொருள்!

தயாரிப்பை நிறுத்திவிட்ட கருவிக்குப் பாகம் விற்பதையும் பழுது பார்ப்பதையும் கம்பெனி காலப்போக்கில் நிறுத்திவிடுகிறது. சாவியை மட்டும் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? கருவியைக் கைவிடும் நாளில் அதன் மென்பொருளையும் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடட்டும். அது தானமாகாது, விற்ற பொருளை முழுதாகக் கொடுப்பதே ஆகும்.