பெயர் எதுவரை போகலாம்?

காட்டுப் பாதையோரத்து இலையில் மஞ்சளும் கறுப்புமாக வரியோடிய பூச்சி உட்கார்ந்திருந்தால், குளவி என்று பலரும் ஒதுங்கிவிடுவார்கள். அலைபேசிச் செயலியோ சில நொடிகளில் ஓர் இனப்பெயரையே நீட்டிவிடும். சான்று எதுவரை போகிறதோ அதுவரைதான் பெயரும் போகவேண்டும். முதலில் சிறகை எண்ணுவோம். தேனீக்கும் குளவிக்கும் நான்கு, ஈக்கு இரண்டுதான். ஈயிடம் பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசி போலக் குமிழ் வைத்த இரு சிறு காம்புகள் தெரியும். பறக்கையில் உடல் நிலைதடுமாறாமல் காப்பவை அவையே. சிறகின் நடுவே நரம்பு மாதிரித் தோன்றி, விளிம்பைத் தொடாமலே மங்கிப்போகும் பொய்நரம்பு ஒன்றும் தென்பட்டால், அநேகமாக அது சிர்பிட் குடும்பத்து ஈ. கொட்டத் தெரியாத ஈ, குளவியின் வேடத்தில் பிழைக்கிறது. இந்தக் குடும்பத்துப் புழுக்களில் பல அசுவினியைத் தின்று பயிரைக் காப்பவை. அதனால் ஈயைக் குளவியென்று அடித்துக் கொல்வது நமக்கே நட்டம்.

குடும்பத்தைத் தாண்டி இனத்துக்குப் போகும்போதுதான் வழுக்குகிறது. ஈக்களில் இதுவரை பெயரிடப்பட்டவையே 1,50,000 இனங்களுக்கு மேல். சாம்பல் முதுகில் மூன்று கறுப்புக் கோடுகளும், வயிற்றில் சதுரங்கக் கட்டமும் கொண்ட இறைச்சி ஈக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அச்சு. பெரும்பாலும் ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். செயலியோ தான் பழகிய படங்களில் நெருங்கியதைத்தான் எடுத்துத் தரும். நாம் பார்த்த காட்டு ஈயை யாருமே படமெடுத்ததில்லை என்றால், வேறெங்கோ வாழும் ஈயின் பெயர் இங்கே ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பெயர் பரவல் வரைபடத்தில் ஏறிவிட்டால், பிறகு அதைக் களைவது பெரும்பாடு.

அப்படியானால் பொதுமக்கள் எடுக்கும் படத்துக்கு மதிப்பே இல்லையா என்று கேட்கலாம். நிறையவே உண்டு. மலேசியாவில் ஒருவர் எடுத்து இணையத்தில் இட்ட கண்ணாடி இறக்கைப் பூச்சியின் படம் ஓர் ஆய்வாளர் கண்ணில் பட்டது. பின்னர் அந்தப் பூச்சியே மாதிரியாகக் கிடைத்து, 2012இல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. படம் வழிகாட்டியது, மாதிரி உறுதிசெய்தது. மாதிரிக்காகப் பூச்சியைக் கொல்ல நேர்வதால், ஒரு பெயருக்காக உயிரைக் கொல்வானேன் என்ற கேள்வியும் நியாயமானதே. 2015இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்றுக்குப் படங்களை மட்டும் வைத்தே புதிய இனப்பெயர் சூட்டினார்கள். மறு ஆண்டே ஏறத்தாழ 500 வகைப்பாட்டியலாளர்கள் சேர்ந்து, படம் மட்டும் போதாது என்று எழுதினார்கள். என் பார்வையில் அவர்கள் பக்கமே வலு அதிகம். கையில் மாதிரி இருந்தால், நாளை எழும் சந்தேகத்தையும் அதை வைத்தே தீர்க்கலாம். ஆனால் மாதிரி எடுப்பது அனுமதி பெற்ற ஆய்வாளரின் வேலை. காட்டுக்குப் போகிற எல்லோரும் பூச்சி பிடிக்கவேண்டியதில்லை. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு ஒன்று, சிறகு நரம்பு தெளிய ஒன்று. நாள், இடம், உட்கார்ந்திருந்த செடி. அடியில் ‘சிர்பிட் குடும்பம், இனம் தெரியவில்லை’ என்று எழுதினால், அடுத்து வரும் ஆய்வாளர் அங்கிருந்தே தொடங்கலாம்.