டெரஸ் சாவி

நூறு பேர் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்தது 98. பள்ளியை மூடிவிட்டார்கள்.

நடந்தது ஜப்பானில், அதுவும் ஒரு கார்ட்டூன் தொடரில். நுமாசு நகரத்தைச் சேர்ந்த உச்சியுரா என்று ஒரு கடலோர ஊர். அங்கே குன்றின் மேல் ஒரு பெண்கள் பள்ளி. பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். மாணவிகள் ஒன்பது பேர் சேர்ந்து ஆட்டமும் பாட்டுமாக ஒரு குழு தொடங்குகிறார்கள்; பேர் பரவினால் புதுப் பிள்ளைகள் வந்து சேருவார்கள் என்று ஒரு நம்பிக்கை. கெடு முடிகிற விடிகாலை வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கிறார்கள். 98 வந்ததும் கணக்கு நின்றுவிடுகிறது. அந்த இரண்டு பேர் கடைசிவரை வரவேயில்லை.

'லவ் லைவ்! சன்ஷைன்' என்ற அந்தத் தொடர் 2016இல் தொடங்கியது. எனக்குக் காட்டியவள் என் அண்ணன் மகள், வயது பதினைந்து. பெரிய கண்கள், கலர் கலராகத் தலைமுடி, எதற்கெடுத்தாலும் கீச்சுக் குரல். முதல் பத்து நிமிஷம் பொறுமையாக இருந்ததே அவளுக்காகத்தான். 98இல் நிறுத்திய பிறகு எழுதியவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டது. நம் சினிமா என்றால் கடைசி நொடியில் இரண்டு பேர் மூச்சிரைக்க ஓடி வந்து படிவம் நீட்டியிருப்பார்கள்.

இதற்கு முந்தைய தொடரில் பள்ளி பிழைத்துக்கொள்கிறது. 'லவ் லைவ்! ஸ்கூல் ஐடல் புராஜெக்ட்', 2013 ஜனவரியில் வந்தது. டோக்கியோவின் நடுவே, அகிஹாபாராவுக்குப் பக்கத்தில் ஒட்டோனொகிசாகா என்ற பழைய பெண்கள் பள்ளி. மூன்றாம் ஆண்டில் மூன்று வகுப்பு, இரண்டாம் ஆண்டில் இரண்டு, முதலாம் ஆண்டில் ஒன்றே ஒன்று. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மிட்டாய்க் கடைக்காரர் மகள் ஹொனோகா, பக்கத்தில் கண்ணாடி மாளிகை மாதிரி நிற்கிற போட்டிப் பள்ளியின் பாட்டுக் குழுவைப் பார்த்துவிட்டு, நாமும் ஆரம்பிக்கலாம் என்கிறாள். பாட்டு எழுதுவது ஒருத்தி, மெட்டுப் போடுவது இன்னொருத்தி, உடுப்புத் தைப்பது மூன்றாமவள். முதல் கச்சேரி அன்று திரை விலகினால் எதிரே காலி நாற்காலிகள். இருந்தும் பாடி முடிக்கிறார்கள்.

மூன்று, இரண்டு, ஒன்று என்கிற அந்தக் கணக்கை மும்பைத் தமிழர்கள் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அதில் ஒன்று. ஒரே கட்டடத்தில் ஒரு மாடி தமிழ், இன்னொரு மாடி இந்தி, அதற்கும் மேலே உருது என்று இருக்கும். அம்மா தாராவியில் தமிழ் மீடியம் படித்திருப்பாள், மகள் இங்கிலீஷ் மீடியத்தில் இருப்பாள். இதில் யாரைக் குறை சொல்ல? பத்தாவது முடித்துவிட்டு வேலைக்கு அலைந்தவளுக்குத்தான் தெரியும், எந்த மாடியில் சேர்த்தால் பிள்ளை எங்கே போய் நிற்கும் என்று. மாநகராட்சியே 'மும்பை பப்ளிக் ஸ்கூல்' என்று போர்டு மாற்றி இங்கிலீஷ் வகுப்புகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்பது பெண்கள் வந்து ஆடிப் பாடி இதைத் திருப்பிவிட முடியாது. 98இல் நின்ற கதைதான் நமக்கு நெருக்கம்.

ஆனால் அந்தத் தொடர்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பள்ளி இல்லை, அந்தக் குழு. அதைத் தொடங்கியது யார், நிறுத்தியது யார்?

நிஜ ஜப்பானில் ஐடல், அதாவது மேடையில் ஆடிப் பாடுகிற இளம் நட்சத்திரம், கம்பெனிச் சரக்கு. 2005இல் யசுஷி அகிமோதோ என்கிற பாடலாசிரியர் அதே அகிஹாபாராவில் ஒரு சிறு அரங்கம் வைத்து ஏகேபி48 என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். சிடி வாங்கினால் அதில் பிடித்த பெண்ணோடு சில நொடி கை குலுக்கலாம்; சிடியோடு வரும் சீட்டை வைத்து அடுத்த பாட்டில் யார் முன்வரிசை என்று ஓட்டுப் போடலாம் என்று வைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் காதலிக்கக் கூடாது. 2013 ஜனவரி கடைசி நாளில் அந்தக் குழுவின் மினாமி மினெகிஷி மொட்டைத் தலையோடு வீடியோவில் வந்து அழுது மன்னிப்புக் கேட்டார். ஓர் ஆணின் வீட்டில் இரவு தங்கியதைப் பத்திரிகை போட்டுவிட்டதாம். அவருக்கு அப்போது இருபது வயது. ஹொனோகா டிவியில் ஓடிக்கொண்டிருந்ததும் அதே மாதம்தான். கம்பெனி இல்லை, ஒப்பந்தம் இல்லை, மேனேஜர் இல்லை, சாயங்கால மணி அடித்ததும் கூடி ஆடுகிற பெண்கள் என்ற ஆசை அந்த ஊரில் ஏன் அப்படி விலைபோனது என்பது இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புரியும். (அந்த ஆசையை விற்றதும் கம்பெனிகள்தான். அதை மறைத்து என்ன?)

ஏகேபி48இன் தங்கைக் குழு ஒன்று மும்பைக்கும் வருவதாக இருந்தது. 2017இல் எம்யூஎம்48 என்று பெயர் வைத்து அறிவித்தார்கள். ஜகார்த்தாவில், பாங்காக்கில், மணிலாவில் எல்லாம் அந்த மாதிரிக் குழுக்கள் மேடை ஏறின. மும்பைக் குழு அறிவிப்போடு சரி. அதற்குப் பதினைந்து வருஷம் முன்பு, 2002இல், சேனல் வி 'பாப்ஸ்டார்ஸ்' என்று போட்டி நடத்தி ஐந்து பெண்களைப் பொறுக்கி 'விவா' என்ற குழுவை உண்டாக்கியது. அன்று ஊரெல்லாம் அவர்கள் முகம். சில வருஷத்தில் ஆளுக்கொரு திசை. அதிலிருந்த நேஹா பாசின் பின்னால் 'சத்தம் போடாதே' படத்தில் தமிழில் பாடினார். கம்பெனி தொடங்கியது கம்பெனியின் வசதிக்கு முடியும், அல்லது தொடங்காமலே போகும்.

கம்பெனி இல்லாமல் பள்ளியிலிருந்து வந்த குழு மும்பையில் உண்டா என்றால், இருந்தது. மாட்டுங்காவில். எஸ்.ஐ.இ.எஸ். பெண்கள் பள்ளியில் படித்த அக்கா தங்கை, சி. சரோஜா, சி. லலிதா. உலகத்துக்கு அவர்கள் பம்பாய் சகோதரிகள். மும்பையில் எச்.ஏ.எஸ். மணியிடம் பாட்டு, அப்புறம் சென்னையில் முசிறி சுப்ரமணிய ஐயர், டி.கே. கோவிந்த ராவ். 1963 முதல் ஜோடியாகக் கச்சேரி. கல்யாணம் ஆன பிறகும் ஜோடி பிரியவில்லை. 2010இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 2020இல் பத்மஸ்ரீ. நகரத்தின் பெயரை 1995இல் மும்பை என்று மாற்றினார்கள், இவர்கள் பம்பாயாகவே இருந்தார்கள். 2023 ஜனவரியில் லலிதா போன அன்றுதான் அந்தக் குழு முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அவர்களுடைய அம்பாள் ஸ்தோத்திர கேசட் ஓடாத வீடு எங்கள் செம்பூரில் குறைவு. ஐடல் என்ற வார்த்தையைக் காதில் போட்டால் லலிதா மாமி என்ன சொல்லியிருப்பாரோ! ஆனாலும் அரை நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்து பாடிய மாட்டுங்கா மாணவிகள் அவர்கள்.

அவர்களுக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பாட ஓர் இடம், சாயங்காலம் பாட்டு கிளாஸ், பாடுவதை நல்ல பழக்கமாக நினைத்த அக்கம்பக்கம்.

மாட்டுங்காவிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது தாராவி. அங்கேயும் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. தாராவித் தமிழ்ப் பையன்களின் 'டோபடெலிக்ஸ்' 2018இல் ரஜினியின் 'காலா'வில் பாடி எழுதியது. அடுத்த வருஷம் 'கல்லி பாய்' வந்து, தாராவி என்றாலே ராப் என்று ஆகிவிட்டது. படத்தின் பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது. கல்லி என்றால் சந்து; சந்து பையன்களுடையது. பத்துக்குப் பத்து வீட்டில் இடமில்லை என்றால் பையன் சந்துக்கு வருவான், சந்தில் இடமில்லை என்றால் 90 ஃபீட் ரோட்டுக்குப் போவான். ராத்திரி பதினொரு மணிக்கு டீக்கடை ஓரம் நின்று எதுகை மோனை போட்டுக்கொண்டிருந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. பெண் பிள்ளை ஸ்கூல் விட்டு வந்தால் தண்ணீர், தம்பி, சமையல், டியூஷன். தலைக்கு மேலே பத்ரா என்கிற தகரக் கூரை; அதில் பூனை ஏறலாம், ஐந்து பெண்கள் ஏறி ஆட முடியாது.

ஜப்பானின் முதல் தொடரில் ஹொனோகா கூட்டத்துக்கு ஜிம் கிடைக்காது, மைதானம் கிடைக்காது. கடைசியில் பள்ளி மொட்டைமாடிக்குப் போவார்கள். பல எபிசோடுகளில் கதை அந்த மாடியில்தான். மழைக்காலம் வந்து ஒத்திகை நின்றுவிடுகிற ஓர் எபிசோடும் உண்டு. ஜூனில் அதை மும்பைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த மாடிக்குப் பூட்டு இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. செம்பூரில் எங்கள் சொசைட்டியில் ஏழு மாடி. டெரஸுக்குப் பூட்டு, சாவி செக்ரட்டரியிடம். வாட்ச்மேனுக்கே கேட்டால்தான் கிடைக்கும். அண்ணன் மகளும் சிநேகிதிகளும் ஆடிப் பழக ஒரு மணி நேரம் கேட்டதற்கு, கீழ் வீட்டில் சத்தம் வரும், வாட்டர் ப்ரூஃபிங் கெட்டுப்போகும், பெண் பிள்ளைகள் மேலே போனால் பையன்களும் போவார்கள் என்று மூன்று காரணம் வந்தது. மூன்றாவதுதான் நிஜக் காரணம் என்று பிள்ளைகளுக்கே தெரிந்தது. தாராவியை இடித்துக் கட்டுகிற திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்கு 350 சதுர அடி வீடு என்கிறார்கள். அடுக்குமாடி வந்தால் டெரஸும் வரும், செக்ரட்டரியும் வருவார்.

எந்தச் சாவியும் கேட்காமல் பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற ஒரே மேடை கேதரிங். மற்ற ஊர்த் தமிழர்களுக்காகச் சொல்கிறேன்: மும்பைப் பள்ளிகளில் ஆண்டு விழாவுக்கு அதுதான் பெயர். டிசம்பர் வந்தால் வகுப்புக்கு ஒரு டான்ஸ். பாட்டு டீச்சர் சொல்வது, உடுப்பு வாடகைக் கடையிலிருந்து. பிள்ளைகளுக்கு அதில் எந்த முடிவும் கிடையாது, ஆனாலும் மூன்று நிமிஷம் அவர்களுடையது. பத்தாவதோடு அதற்கும் மங்களம்.

இந்தப் பூட்டை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். 'வைல்ட் வைல்ட் விமன்' என்று இந்த நகரத்தில் பெண்கள் மட்டுமே உள்ள ஒரு ஹிப்ஹாப் குழு இருக்கிறது. இந்தியும் மராத்தியும் தமிழும் கலந்து பாடுகிறார்கள். தாராவியிலேயே 'தாராவி டிரீம் ப்ராஜெக்ட்' சாயங்காலப் பள்ளி நடத்தி ராப்பும் பிரேக் டான்ஸும் சொல்லித் தருகிறது, பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். அங்கே தரப்படுவதில் பாட்டை விடப் பெரியது அந்த அறையும் அந்த ஒரு மணி நேரமும் என்பது என் கட்சி.

முதல் தொடரில் எனக்குப் பிடித்தவள் நிக்கோ. முதலாம் ஆண்டிலேயே தானாக ஐடல் குழு ஆரம்பித்தவள். அவள் வைத்த கட்டுப்பாட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொள்ள, யாருமே இல்லாத சங்கத்துக்குத் தலைவியாக அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஹொனோகாவின் 'மியூஸ்' குழு வந்து கதவைத் தட்டும்போது அவள் விடுகிற அலட்டலைப் பார்க்க வேண்டும். அவளும் மூன்றாம் ஆண்டு. அவளையும் சேர்த்து மூன்று பேர் படிப்பு முடித்துப் போகிறபோது, புது ஆள் சேர்த்துத் தொடரலாமா என்று மற்ற ஆறு பேரும் யோசித்து, வேண்டாம், இந்த ஒன்பது பேர்தான் மியூஸ் என்று குழுவையே முடித்துவிடுகிறார்கள். யாரும் கலைக்கவில்லை, யாரையும் நீக்கவில்லை. குரல் கொடுத்த ஒன்பது நடிகைகளும் அதே மாதிரி 2016 ஏப்ரல் முதல் தேதி டோக்கியோ டோமில் விடைபெற்றார்கள். நான் அதைப் பெரிதாக வியந்து பேசிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அது அவங்க சவுகரியம்" என்றாள் அண்ணன் மகள்.

அவள் படிக்கிற சயான் பள்ளியில் இவர்களுடைய ஆட்டபாட்டக் குழுவில் ஐந்து பேர். டெரஸ் கிடைக்காததால் ரிசஸில் சயன்ஸ் லேப் வெளி வராந்தாவில் ஒத்திகை. ஒருத்தி தாராவி கிராஸ் ரோடு. பத்தாவது முடிந்ததும் குடும்பத்தோடு திருநெல்வேலிக்கே போகிறாள். கலைப்பதா தொடர்வதா என்று ஒரு வாரம் சண்டை. மியூஸைக் காட்டி, முடித்துக்கொள்வதும் அழகுதானே என்று நான் சொல்லப் போக, ஐந்து பேருமே ஒரு பார்வை பார்த்தார்கள்.

"அவங்களுக்கு மூணு பேர் போனாங்க. எங்களுக்கு ஒருத்திதானே ஆன்ட்டி?" என்றாள் போகிறவளே. "எனக்குப் பதிலா ஆள் பார்த்து வெச்சுட்டுத்தான் போவேன்."

வருகிற சனிக்கிழமை ஆடிஷன். விண்ணப்பம் இதுவரை இரண்டு, அதில் ஒருத்தி பாடுவாள் ஆடமாட்டாள். தேர்வுக் குழுவில் நானும் உண்டாம். சம்பளம் ஒரு வடா பாவ், சட்னி தனி.