காசல்ரீக் கரையில் ஒரு பாடம்
மலையகத்திலிருந்து பொறியியல் பீடத்துக்குப் போயிருக்கும் ஒரு முதலாண்டு மாணவியின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் கம்பியில் வெப்பமாகி வீணாகும் வலு கிடைக்கும் என்று ஒரு வரி, அதன் கீழே இரண்டு பக்கக் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் அவள் வளர்ந்த மலை அதில் எங்குமே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கும் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, நோர்ட்டன் பிரிட்ஜில் மறுபடி தேங்கி, பழைய லக்சபான மின்நிலையத்துக்கு இறங்குகிறது. ஒரே தண்ணீருக்கு இரண்டு வேலை, பொல்பிட்டியவில் மூன்றாவதும் உண்டு. மின்சாரம் ஏன் 132 கிலோவோல்ட்டில் தேயிலைச் சரிவுகளைத் தாண்டிப் போகிறது? அதே வலுவை 11 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஓட்டம் 12 மடங்காகும். அதே கம்பியில் இழப்பு 144 மடங்காகும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று அண்ணாந்தால் தெரியும் கோபுரங்களுக்கு இதுதான் விளக்கம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த மலையாறுகளின் நீர்வலுவைப் பற்றிக் கட்டுரை வாசித்தது 1918இல். லக்சபான இயங்கத் தொடங்கியது 1950இல். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள், அந்தக் கம்பிகளுக்குக் கீழே எத்தனையோ பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தார்கள். இதையெல்லாம் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். விரிவுரையாளர்கள் ஒருமுறையாவது மாணவரை நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அழைத்து வரட்டும். திரும்பும் வழியில் ஒரு லயத்தில் நின்று, முதல் காம்பிராவிலும் கடைசிக் காம்பிராவிலும் மாலை ஏழு மணிக்கு மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து எழுதச் சொல்லட்டும்.