நன்னீரடியில் நிற்கும் மரக்கலங்கள்

வட அமெரிக்காவின் ஐம்பேரேரிகளில் மூழ்கிய மரக்கலங்கள் சில, நூறாண்டு கடந்தும் பாய்மரம் சாயாமல் நிற்கின்றன. கடலில் மரத்தைத் துளைத்துண்ணும் கப்பற்புழு நன்னீரில் வாழ்வதில்லை. ஆழத்தின் கடுங்குளிரும் சிதைவைத் தாமதப்படுத்துகிறது.

இக்கலங்களை மேலே கொணர்ந்து காட்சிக்கு வைத்தால் என்ன என வினவுவோர் உளர். அவர்கள் ஆல்வின் கிளார்க் என்னும் பாய்க்கப்பலின் கதையை அறிதல் வேண்டும். மிச்சிகன் ஏரியின் கிரீன் விரிகுடாவில் 1864இல் மூழ்கிய அக்கப்பல் 1969இல் வெளியே எடுக்கப்பட்டது. உள்ளிருந்த நீரை இறைத்ததும் அது மிதக்கவே செய்தது! ஆனால், நீரில் ஊறிய மரம் காற்றில் உலர்ந்து சுருங்கியது, வெடித்தது, உளுத்தது. அதைப் பேணும் பொருள்வளம் வாய்க்கவில்லை. 1994இல் அக்கப்பல் இடித்து அகற்றப்பட்டது. நூற்றைந்து ஆண்டுகள் நீர் காத்ததை இருபத்தைந்தே ஆண்டுகளில் நிலம் இழந்தது.

எனவே, நங்கூரத்தையும் மணியையும் கழற்றிச் செல்லும் மூழ்குநரைவிட, ஒளிப்படக் கருவியோடு மட்டும் இறங்குபவரே வரலாற்றுக்குத் துணைபுரிகிறார். அவர் எடுக்கும் ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியில் இணைத்து, கலத்தின் முப்பரிமாண வடிவத்தையே உருவாக்க இயலும். அப்பணிக்குக் காலமும் மிகுதியாக இல்லை. வெளிநாட்டுக் கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவந்த நீரோடு, 1980களில் வரிக்குதிரை மட்டியும் குவாகா மட்டியும் இவ்வேரிகளில் புகுந்தன. சுப்பீரியர் நீங்கலாகப் பிற ஏரிகளில் அவை கலங்களை அடுக்கடுக்காய் மூடிவருகின்றன. நீரை வடிகட்டித் தெளிவாக்குபவையும் அவையே. காண வழிசெய்துவிட்டுக் காண்பொருளை மறைக்கின்றன.

ஆயினும், படமெடுத்தற்கும் எல்லை உண்டு. சுப்பீரியர் ஏரியில் 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்னும் சரக்குக் கப்பல் 29 பேரோடு மூழ்கியது. எவர் உடலும் மீட்கப்படவில்லை. 1994இல் அக்கப்பலருகே ஓர் உடல் படமாக்கப்பட்டபோது உற்றார் மனம் நொந்தனர். கப்பலின் அமைப்பும் உடைவும் ஆராயத்தக்கவை. இறந்தவர் உடலைக் காட்டுவதால் அவ்வாராய்ச்சி ஓர் அடியும் முன்னேறாது. அறிவின் பெயரால் அதற்கு உரிமை கோருவது முறையன்று. உற்றாரின் விருப்பப்படி 1995இல் கப்பலின் மணி மட்டும் மேலே கொணரப்பட்டது. 29 பெயர்களும் பொறித்த புதிய மணி அதனிடத்தில் வைக்கப்பட்டது. இன்று அக்கப்பலை நெருங்க ஒன்டாரியோ அரசின் உரிமம் வேண்டும். 1813இல் மூழ்கிய ஹாமில்டன், ஸ்கர்ஜ் என்னும் கப்பல்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.