எறும்பு சாக்பீஸ் தரைக்கு, பிள்ளை தலைக்கு அல்ல

 கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே வைத்தியம் சுற்றியது. எறும்பு சாக்பீஸைப் பொடித்து எண்ணெயில் குழைத்துப் பிள்ளை தலையில் தேய்த்தால் பேன் செத்துக் கொட்டுமாம். அதற்குக் கைகூப்பிய படங்கள் வேறு! அடுத்த நாள் இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார். மண்ணெண்ணெய் தலைத்தோலைப் புண்ணாக்கும். அந்தத் தலையோடு பிள்ளை கேஸ் அடுப்புப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா?

படித்த பிள்ளை ஒருவன் கேட்டான்: "டாக்டர் தரும் பெர்மெத்ரினும் சாக்பீஸில் இருக்கும் மருந்தும் ஒரே குடும்பம்தானே டீச்சர்?" நல்ல கேள்வி. ஆமாம், உறவு உண்டு. ஆனால் பேனுக்கான பெர்மெத்ரின் 1 சதவீதம், சிரங்குக்கான கிரீம் 5 சதவீதம். எவ்வளவு, எத்தனை நேரம் என்று மனிதத் தோலில் சோதித்து முடிவு செய்தது. உரக்கடையில் கிடைக்கும் சைபர்மெத்ரின் 10, 25 சதவீதம். பெட்ரோலிய வகைக் கரைப்பானில் கலந்தது, வயலுக்கானது. சாக்பீஸில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அளவு தெரியாத விஷத்துக்கு மருந்து என்று பெயர் கிடையாது.

சிரங்குக்கு வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய லோஷனையும் எடுக்காதீர்கள். காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு, அதாவது லிண்டேன், நம் தலைமுறை பூசியது. காமாக்சின் பவுடரின் சொந்தக்காரன். தோல் வழியாக உள்ளே போய் நரம்பைத் தாக்கும். குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததுண்டு. பூச்சிக்கொல்லியாக அதைத் தயாரிப்பதை இந்தியா 2011-லும், பயன்படுத்துவதை 2013-லும் தடை செய்தது. வயலுக்கே ஆகாது என்றதைக் குழந்தை முதுகில் பூசலாமா?

மூன்றாவது தவறு, மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட்" என்று வாங்குவது. பெரும்பாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும். பூச்சி சாகாது. தோலுக்கு அடியில் நிம்மதியாக முட்டையிடும்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது? வெட்கம். "எங்கள் வீட்டில் சிரங்கா?" என்று மூடி மறைக்கிறோம். பேனும் சிரங்கும் அழுக்கால் வருவதில்லை, நெருக்கத்தால் வருகின்றன. தலையோடு தலை ஒட்டினால் பேன், தோலோடு தோல் நெடுநேரம் ஒட்டினால் சிரங்கு. பெருங்களத்தூரிலும் மேடவாக்கத்திலும் ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் ஹாஸ்டல்கள் எத்தனை! சிரங்கு முதல்முறை தொற்றினால் 4 முதல் 6 வாரம் அரிப்பே இருக்காது. ஆனால் அதற்குள் பரவிவிடும். அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் ரகசியமாகப் பூசினால், அரிக்காத அப்பாவிடமிருந்து மறுபடி அதற்கே வரும். பிறகு "மருந்து சரியில்லை" என்று சாக்பீஸைத் தேடுவீர்கள்.

சரியான முறையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிரங்குக்கு: டாக்டரிடம் காட்டி உறுதி செய்த பிறகு, வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகத்தடி, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல். வெந்நீரில் குளித்த சூட்டோடு வேண்டாம், தோல் ஆறிக் காய்ந்திருக்கட்டும். 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கையில் மட்டும் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததை மூன்று நாள் பையில் கட்டி வையுங்கள். பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கும். அதற்காகத் தினமும் பூசினால் தோல்தான் வெந்துபோகும்.

பேனுக்கு: அலசித் துவட்டிய முடியில் 1 சதவீத மருந்தை 10 நிமிடம் வைத்து அலசுங்கள். கண்ணில் படக்கூடாது. ஈர் பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம் என்பதால் 9-ஆம் நாள் மறுபடி. நடுவில் பேன் சீப்பால் பொறுமையாக வாருங்கள். மருந்தே வேண்டாமென்றால் ஈரத் தலையில் மூன்று நாளுக்கு ஒருமுறை, பேன் அறவே தென்படாத வரை வாருங்கள். நம் பாட்டிகள் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலைதான், விஷமில்லாதது.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தை, கர்ப்பிணி, தோலில் புண் உள்ளவர் யாராக இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். காசு ஒரு காரணமே அல்ல.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று: தலையில் பேன் என்று எந்தப் பெண்ணையும் கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைக்காதீர்கள். அவள் அம்மா அன்று மாலையே மண்ணெண்ணெய் பாட்டிலைத் தேடுவாள். அந்த அம்மாவைக் கூப்பிட்டு, மேலே சொன்னதைத் தனியாக, மெதுவாகச் சொல்லுங்கள்.

அந்த சாக்பீஸ் வைத்தியத்தை அனுப்பியவர்கள் இன்றே அதை நீக்கிவிட்டு, இதை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்