நிலமும் குடியும்: கண்டி மலைநாடு பற்றிச் சில சிந்தனைகள்

விழாமலர்களிலே பழைய மாணவர் தாம் கற்ற நாட்களை நினைந்து எழுதுதல் மரபு. யாம் அம்மரபினின்றும் சிறிது விலகி, எமது கல்லூரியைத் தாங்கி நிற்கும் மலைநாட்டைப் பற்றியே சில கூற விழைகின்றோம். புவியியல் ஒரு பாடம்; வரலாறு மற்றொன்று; பொருளியல் வேறொன்று எனப் பிரித்துக் கற்பிப்பது பள்ளி வழக்கம். தேர்வுக்கு இப்பிரிவு வசதியானதே. ஆயினும், கண்டியைச் சூழ்ந்த மலைகளை ஊன்றி நோக்குவார்க்கு இவை யாவும் ஒரே பாடம் என்பது புலனாகும். குடிகளை மறந்து எழுதப்படும் நிலநூல் குறைநூலே என்பது எமது துணிபு.

கண்டி மாநகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில் அமைந்தது. தெற்கே ஹந்தானை மலையும் வடகிழக்கே நக்கிள்ஸ் தொடரும் காவல் நிற்க, மகாவலி கங்கை நகரை வளைந்து ஓடுகின்றது. கரையோரத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இம்மலையரசை நிலையாகப் பற்ற இயலாது மீண்டமைக்குக் கணவாயும் காடும் மழையும் பெருங்காரணங்களாம். 1815 மார்ச் 2ஆந் தேதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, அரசனுக்கும் பிரதானிகளுக்கும் இடையே விளைந்த பிளவே ஆங்கிலேயர்க்கு வழி திறந்தது. எனினும் மலை பகைவர்க்கு அரணாயிற்றேயன்றி உறவினர்க்கு அடைத்த கதவாகவில்லை. தென்னாட்டு நாயக்கர் மரபினர் 1739 முதல் இங்கு அரசிருந்தனர். 1753இல் சீயத்திலிருந்து வந்த உபாலி தேரர் பௌத்த சங்கத்தின் உபசம்பதையை மீள நிறுவினார். இன்றும் எசலப் பெரஹராவிலே நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி ஆகிய தேவாலயங்களின் ஊர்வலங்கள் உடன் செல்கின்றன. அப்பத்தினி தெய்வம் யாம் கண்ணகி என வணங்கும் அன்னையே அன்றோ!

ஆங்கிலேயர் ஆட்சி நிலத்தின் முகத்தையே மாற்றியது. கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியே வீதி வந்தது. 1867இல் புகையிரதமும் வந்தது. காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. தலைமுறை தலைமுறையாக அவற்றைப் பயன்படுத்திய சிங்களக் கிராமத்தவர், தம் ஊரைச் சுற்றிய நிலத்தை இவ்வாறு இழந்தனர்.

அந்நிலத்திலே உழைக்கத் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கொணரப்பட்டனர். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தோருள், வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். கோப்பி பருவப் பயிர். பழம் பறித்து முடிந்தபின் தொழிலாளர் பெரும்பாலும் ஊர் திரும்புவர். 1869இல் கோப்பி இலைகளிலே துருநோய் தோன்றிற்று. இரு பத்தாண்டுகளில் அப்பயிர் அழிந்தது. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1899 அளவில் ஏறக்குறைய 4 இலட்சம் ஏக்கராகப் பரந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. சில நாட்களுக்கு ஒருமுறை பறித்தேயாக வேண்டும். ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலையாகத் தங்கினர். வந்து சென்றோரை இந்நாட்டுக் குடிகளாக்கியது அப்பயிரின் இயல்பே என்பதை மாணவர் கருத்திற் கொள்வாராக.

இறப்பரின் கதையையும் ஈண்டு நோக்கலாம். பிரேசிலில் தோன்றிய அம்மரம் இலண்டன் வழியாக 1876இல் எமது ஹேனரத்கொடைத் தோட்டத்தை அடைந்தது; மறுவருடம் இங்கிருந்து சிங்கப்பூருக்குச் சென்று, பின்னர் மலாயாவின் செல்வமாயிற்று. அதனை அந்நிய மரம் என்று அங்கு எவரும் ஒதுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தேயிலையும் ‘சிலோன்’ தேயிலை என்றே உலகெங்கும் விலைபோகின்றது. செடிக்குக் கிடைத்த குடியுரிமை, அதன் கொழுந்தைக் கொய்த கைகளுக்கு மறுக்கப்பட்டது விந்தையே! 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது.

வாக்குரிமை கிடைத்தது, காணியுரிமையோ இன்னும் பெரும்பாலார்க்குக் கிட்டவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. கைமாறிய ஒவ்வொரு முறையும் லயம் லயமாகவே இருந்தது. காடிழந்த சரிவுகளோ மண்ணைப் பிடித்து வைக்கும் வலிமையையும் இழந்துள்ளன. 2014இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையிலே மண்சரிவு லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பரில் ‘டித்வா’ புயலின் பெருமழை கண்டி மாவட்டத்திலும் கிராமம், தோட்டம் என்ற வேறுபாடின்றிப் பல உயிர்களைக் கொண்டது. தனக்கென நிலமில்லாதவன் ஆபத்தான சரிவைவிட்டு எங்ஙனம் அகல்வான்?

காணியைப் பகிர்ந்தளித்தால் தேயிலைத் தொழில் குலையும் என்பாருமுளர். இன்று இந்நாட்டுத் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது சிறுதோட்ட உடைமையாளர் தரும் கொழுந்திலிருந்தே ஆகின்றது என்பதை அன்னார் நோக்குக. தன் நிலத்திற் பாடுபடுபவன் மண்ணைக் காப்பான், மரத்தையும் காப்பான். அன்றியும், இவ்வுரிமை கிராமத்தவரின் உரிமைக்கு மாறானதன்று. ஒரே பெருந்தோட்ட முறையால் ஒருவர் நிலம் இழந்தார். மற்றவர் நிலமின்றியே உழைத்தார். இருவர் வழக்கும் ஒன்றே. பாதுகாப்பான இடத்திலே வீடும், உறுதியோடு கூடிய காணியும் இருசாராருக்கும் கிடைத்தல் வேண்டும்.

இதில் கல்லூரிக்கும் ஒரு கடனுண்டு. தோட்டங்கள் பலவற்றுக்கு ஆங்கிலப் பெயரோடு தொழிலாளர் இட்ட தமிழ்ப்பெயரும் உண்டு. அது முதியோர் நாவிலன்றிப் படங்களிற் காணப்படுவதில்லை. உயர்வகுப்பு மாணவர் தத்தம் ஊருக்கும் தோட்டத்துக்கும் சென்று, அப்பெயர்களையும் நீரூற்றுகளையும் சரிந்த இடங்களையும் முதியோர் கூறும் குடிவரலாற்றையும் குறித்து வருவாராக. ஆசிரியர் அவற்றைத் திருத்திப் படமாக்குக. பழைய மாணவர் அச்சிடும் செலவை ஏற்க. கண்டிக்குக் கலம்பகம் பாடிய அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரும் தெல்தோட்டைப் பகுதியிலே பிறந்தவரே. அத்தகையோர் வரலாறும் அத்தொகுப்பில் இடம்பெறுக. காணி கேட்டு நிற்பவனுக்குத் தன் ஊரின் மெய்வரலாறு ஒரு சான்று. சட்டம் இயற்றுவோர்க்கு அது ஒரு நினைவூட்டல். விழாவின் விளக்குகள் அணைந்தபின்னும் கல்லூரியின் பெயரை நிலைநிறுத்தும் பணி இதுவே என்பது எமது நம்பிக்கை.