துருத்திக்குத் தீனி

நிந்தவூரில் பிரதான வீதியோரமாக உள்ள ஒரு மோட்டார் கராஜில், கணக்குப் புத்தகத்துக்கு அருகே ஒரு பேனாத் தாங்கி இருக்கின்றது. முதன்முறை பார்த்தபோது நாம் அதனை ஏதோ ஓர் அலுமினியக் குவளை கவிழ்ந்து கிடக்கின்றது என்றே எண்ணினோம். கையிலெடுத்துப் பார்த்தபோதுதான் அது ஒரு பிஸ்டன் என்பதும், அதன் தலையிலே ஐந்து ரூபாய்க் குற்றி நுழையுமளவு ஒரு துளை இருப்பதும், அத்துளையிலேதான் பேனா நிற்பதும் புலனாயின. துளையின் விளிம்பு துறப்பணத்தால் இட்டதுபோற் சீராக இருக்கவில்லை. மெழுகு உருகி வழிந்து உறைந்ததுபோல் இருந்தது.

இத்துளையை இட்டவர் யார் என்று கேட்டோம்.

“காத்துப் போட்டது, சேர். காத்துக் கூடிப் போச்சு, பெற்றோல் போதல்ல” என்றார் கராஜ்காரர்.

இவ்வாரம் அத்துளையைப் பற்றியே எழுதுவதாக முடிவுசெய்தோம். அதற்கு உடனடிக் காரணம், கட்டாரில் நான்காண்டுகள் உழைத்து ஊர் திரும்பிய ஓர் இளைஞர். அவர் 1.6 லீற்றர் எஞ்சினுள்ள பழைய ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். அத்துடன் நின்றிருக்கலாம். யாரோ சொல்லக் கேட்டு, பாவித்த சுப்பர்சார்ஜர் ஒன்றையும் கொழும்பிலிருந்து ஒரு கடதாசிப் பெட்டியில் கொண்டுவந்து, பெருநாளுக்கு முன் அதனைப் பூட்டித் தரவேண்டுமென்று அதே கராஜில் வந்து நின்றார். நாமும் அவ்வேளை அங்கிருந்தோம். கராஜ்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்ததை இருபுறமும் திருப்பிப் பார்த்து, மறுபடியும் மூடினார்.

“தம்பி, துருத்தியக் கொண்டு வந்திருக்கிங்க. தீனிக்கு என்ன செய்யப் போறிங்க?”

“என்ன காக்கா சொல்றிங்க? காத்துக் கூடினா பவர் கூடும்தானே?”

இளைஞரின் கேள்வி தவறானதன்று. பாதிக் கேள்வி என்றே கூறவேண்டும். நம் வீடுகளில் விறகடுப்பை ஊதுகுழலால் ஊதுவோர் இதனை நன்கறிவர். விறகு இருக்கும்வரை ஊதினால் தீ கொழுந்துவிடும். விறகு தீர்ந்தபின் ஊதினால் சாம்பல் கண்ணில் விழும். அடுப்பிலாயின் அவ்வளவோடு போயிற்று. எஞ்சினுக்குள்ளே விளைவு வேறு.

சுப்பர்சார்ஜர் என்பது எஞ்சினுக்குப் பூட்டும் துருத்தியேயாகும். இது வெறும் உவமையன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860ஆம் ஆண்டளவில் உருவாக்கிய காற்றூதி முதலில் இரும்பு உருக்கும் உலைகளுக்கே பயன்பட்டது. இரு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமற் சுழன்று காற்றை வாரித் தள்ளும் அந்த அமைப்பையே பின்னாளில் மோட்டார் எஞ்சினிலும் பூட்டினார்கள். மெர்சிடிஸ் நிறுவனத்தார் 1921இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் இத்தகைய கார்களைக் காட்சிக்கு வைத்தனர். டொயோட்டா நிறுவனத்தாரோ 1986இல் தமது 1.6 லீற்றர் எஞ்சின் ஒன்றிற்கு இவ்வகை ஊதியைப் பூட்டி விற்கலாயினர். இது எஞ்சினின் முன்புறத்துப் பட்டியால் ஓடுவது. டர்போ எனப்படுவது வெளியேறும் புகையின் வேகத்தால் ஓடுவது. ஓட்டும் விசை வேறாயினும் இரண்டின் தொழிலும் ஒன்றே.

பெற்றோல் செவ்வையாக எரிய, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்க ஏறத்தாழ 9000 லீற்றர் காற்று தேவை என்று சொன்னால் அதன் பெருமை விளங்கும். எஞ்சினின் வலிமைக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் காற்றே. பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம், காற்றை அவ்வாறு ஊற்ற முடியாது. ஆகையாற்றான் துருத்தி வந்தது. (தொழினுட்பப் பிரிவில் உயர்தரம் கற்கும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தமும் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல்தான். இரு எண்களும் ஒன்றாயிருப்பது தற்செயல். விடைத்தாளில் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடற்க.)

இப்பொழுது அந்த இளைஞரின் துருத்தி 7 இறாத்தல் மேலழுத்தம் தருகின்றதென வைத்துக்கொள்வோம். 14.7 என்பது 21.7 ஆகின்றது, அதாவது, அமுக்கத்தால் உண்டாகும் சூட்டினாற் சற்றுக் குறைந்தாலும், ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காற்று உட்புகும். பெற்றோல் பழைய அளவிலேயே வந்தால் கலவை வறண்டுபோகும். வறண்ட கலவை, பாரமேற்றிய எஞ்சினில், கடுஞ்சூட்டை உண்டாக்கும். தீப்பொறியிலிருந்து ஒழுங்காகப் பரவவேண்டிய சுவாலை வந்து சேருமுன்னே மூலையிலிருக்கும் கலவை தானாக வெடிக்கும். “எஞ்சின் தட்டுது” என்று சாரதிகள் சொல்வது இதனையே. 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் மண்ணெண்ணெய் கலந்த பெற்றோலை வாங்கி ஊற்றியவர்களுக்கும் இந்தத் தட்டல் பழக்கமான ஓசையே. ஓயாது தட்டத் தட்ட அலுமினியம் இளகும். பேனாத் தாங்கி பிறந்த வரலாறு இதுதான்.

ஆதலின், மேலழுத்தமுள்ள எஞ்சினுக்கு முழுப் பாரத்தின்போது 14.7 பங்கு காற்று என்ற கணக்கையும் விட்டு, ஒரு பங்கு பெற்றோலுக்கு 12 பங்கை ஒட்டிய காற்று என்ற அளவில் வேண்டுமென்றே மிகுதியாக ஊட்டுவர். மிகுதிப் பெற்றோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கின்றது. அங்கே பெற்றோல் தீனி மட்டுமன்று, தண்ணீர்ப் பந்தலுமாகின்றது.

நமது கிழக்குக் கரைக்கும் இக்கதைக்கும் ஒரு பழைய உறவுண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாவிலிருந்து எழுந்து எதிர்த்த ஹரிக்கேன் விமானங்களைச் செலுத்தியது சுப்பர்சார்ஜர் பூட்டிய மெர்லின் எஞ்சின். அவ்வெஞ்சினுக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்புவரை பெருங்குறையொன்று இருந்தது. விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால், மிதவையுள்ள காபுரேட்டரில் பெற்றோல் மேலே எழும்பி, முதலில் எஞ்சின் பட்டினி கிடக்கும். அடுத்த கணம் பெற்றோல் வெள்ளமாகப் பாய்ந்து மூச்சுத் திணறும். பெற்றோலை நேரே சிலிண்டருக்குள் பீச்சும் அமைப்புடைய ஜெர்மானிய விமானங்களோ தடையின்றிப் பாய்ந்து தப்பின. துருத்தி எவ்வளவு வலியதாயினும், தீனி வரும் பாதை தடுமாறினால் போர்விமானமும் தள்ளாடவே செய்யும்.

இக்குறைக்கு மருந்து கண்டவர் பார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய பொறியியலாளர் பீட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண்மணி. மோட்டார் சைக்கிள் ஓட்டப் பந்தயங்களில் மணிக்கு நூறு மைலுக்கு மேல் விரைந்தவர் அவர். எஞ்சினின் உச்சத் தேவைக்கு மேல் ஒரு துளியும் புகாதவாறு அளவாகத் துளையிட்ட ஒரு சிறிய உலோகத் துண்டை எரிபொருட் குழாயிற் செருகினார். அவ்வளவே. வெள்ளம் நின்றது. 1941 மார்ச்சளவில் அது படையின் போர்விமானங்களிற் பொருத்தப்பட்டது. முழுத் தீர்வான புதிய காபுரேட்டர் வர மேலும் ஈராண்டுகள் சென்றன. அக்காலத்திலேயே 87 ஓக்டேன் பெற்றோலுக்குப் பதிலாக 100 ஓக்டேன் வந்தமையால், மெர்லினின் மேலழுத்தத்தை 6 இறாத்தலளவிலிருந்து 12 இறாத்தலுக்கு உயர்த்த முடிந்ததென்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எரிபொருள் உயர்ந்த பின்னரே அழுத்தம் உயர்ந்தது. இன்று நமது நிரப்பு நிலையங்களில் 92, 95 ஆகியவை கிடைக்கின்றன. துருத்தி பூட்டியவர் சில ரூபாய்களுக்காக 92ஐ ஊற்றுவது எமக்கு விளங்காத சிக்கனம்.

இனி, கராஜ்காரர் அந்த இளைஞருக்குப் போட்டுக் காட்டிய கணக்கைப் பார்ப்போம். சிகரெட் பெட்டியின் உள்தாளில், பிஸ்டனில் நின்ற அதே பேனாவால் அவர் எழுதினார்.

எஞ்சினை 150 குதிரைவலுவுக்கு உயர்த்துவது நோக்கம். துருத்தி பூட்டிய எஞ்சின் ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.6 இறாத்தல் பெற்றோல் உண்ணும். ஆக 90 இறாத்தல். நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 22.5. ஆயினும் இன்ஜெக்டரை ஓய்வின்றித் திறந்து வைத்திருத்தல் ஆகாது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டருக்கு முறை வருவது 20 மில்லிசெக்கனுக்கு ஒருதரம். அதில் 16 மில்லிசெக்கன், அதாவது நூற்றுக்கு எண்பது, திறந்திருப்பதே நல்லெல்லை. எனவே 22.5ஐ 0.8ஆல் வகுக்க 28 இறாத்தல் வருகின்றது. கடைக்காரர் மொழியில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 295 கன சென்ரிமீற்றர். காரிலிருந்த பழைய இன்ஜெக்டர்களோ 200ஐ ஒட்டியவை.

இளைஞர் முகம் சற்று வாடிற்று. ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. இன்ஜெக்டரின் வாய் திறப்பது துருத்தியின் காற்று நிறைந்த அறைக்குள். எதிர்க்காற்றில் பேசுபவர் குரலை உயர்த்த வேண்டியதுபோல், 43.5 இறாத்தலில் வந்துகொண்டிருந்த பெற்றோலை 7 இறாத்தல் கூட்டி 50.5இல் அனுப்பவேண்டும், அதற்கு அழுத்தச் சீராக்கி துருத்தியின் அழுத்தத்தை உணர்வதாயிருத்தல் வேண்டும். அழுத்தம் உயர உயரப் பம்பி தள்ளும் அளவு குறையும் என்பது அடுத்த சிக்கல். ஆகவே புதிய பம்பி. புதிய பம்பிக்குப் பழைய வயர் போதாது. கடற்காற்று வீசும் நம்மூர்களில் வயர் முனைகளிற் பச்சைக் களிம்பு பூத்து, பற்றரியில் உள்ள மின்னழுத்தத்தில் ஒன்றிரண்டு வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும், பம்பியும் சோர்ந்துவிடும். பற்றரியிலிருந்து நேரே தடித்த வயரும் ரிலேயும் இழுக்கவேண்டும். இத்தனைக்கும் பின்னர் எஞ்சினின் கணினிக்குப் புதிய அளவுகளைப் புகட்டி, புகைக் குழாயில் கலவையை நுட்பமாக அளக்கும் ஒட்சிசன் உணரி ஒன்றையும் பொருத்திச் சரிபார்த்தல் வேண்டும். காரோடு வரும் சாதாரண உணரி 14.7க்கு இப்புறமா அப்புறமா என்று மட்டுமே சொல்லும். 12ஐயும் 13ஐயும் அது பிரித்தறியாது.

குழாய்களைப் பற்றிப் பேசும்போது கராஜ்காரரின் குரல் மாறியது. காபுரேட்டர் காலத்து மெல்லிய றப்பர்க் குழாய் சில இறாத்தல் அழுத்தத்துக்கே உரியது. 50 இறாத்தல் அழுத்தத்தில் அது பிளந்தால், பெற்றோல் சொட்டாது, பீச்சும். அருகிலோ பழுக்கக் காய்ந்த புகைக் குழாய். பிஸ்டன் போனால் காசோடு போயிற்று. இது ஆளோடு போவது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல பகுதிகளில் சமையல் எரிவாயு வெடிப்புகள் நிகழ்ந்தபின், நம் வீட்டுப் பெண்கள் குழாய் மூட்டில் சவர்க்கார நுரை தடவிப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். அவர்கள் அடுப்புக்குக் காட்டும் கவனத்தில் பாதியையேனும் காருக்கு நாம் காட்டுவதில்லை. உயரழுத்தத்துக்கென்றே செய்யப்பட்ட குழாயும், வளையம் முழுவதும் ஒரே சீராக இறுக்கும் கிளிப்பும் அவசியம். எஞ்சினை இயக்குமுன் சாவியை மட்டும் திருப்பிப் பம்பியை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் மின்சூள் வெளிச்சத்தில் பார்க்கவும் முகரவும் வேண்டும். அருகிலே தீயணைக்கும் கருவி இருத்தல் நன்று.

இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். பெருநாளுக்கு முன் முடியாதா என்று கேட்டார். முடியாது என்றார் கராஜ்காரர். வாப்பாவிடம் சொல்லிவிட்டேனே என்றார் இளைஞர். “வாப்பாட்ட நான் சொல்றன்” என்றார் மற்றவர்.

சென்ற வாரம் மறுபடியும் அப்பக்கம் போயிருந்தோம். காரின் பெற்றோல் தாங்கியைக் கழற்றி இறக்கியிருந்தார்கள். அடியிலிருந்து துருவும் மணலுமாக ஒரு சிரட்டை நிறைய அள்ளி வைத்திருந்தார்கள். புதிய பம்பி இதனையன்றோ முதலில் விழுங்கியிருக்கும். இளைஞர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தாங்கியைக் கழுவிக்கொண்டிருந்தார். சுப்பர்சார்ஜர் இன்னமும் கடதாசிப் பெட்டிக்குள்ளேயே மேசையடியில் இருந்தது.